தெறிப்பு படாத இடம்

சுவரில் ஓர் இடம் மட்டும் நனையவில்லை.

சாயங்காலம் இரும்பு கடையும் லேத்தை நிறுத்திவிட்டு, கழிவுப் பஞ்சால் கைகளைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். மோட்டாரின் சூட்டு வாடையும், எண்ணெய்ப் புகையும், தொட்டியில் கிடந்து புளித்துப்போன கூலண்டின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து, உலராத துணியைப் போலப் பட்டறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. சுழன்று ஓய்ந்த சக்கிலிருந்து கடைசிச் சொட்டுகள் அடித்தட்டில் விழும் சத்தம், ஒன்று, பிறகு கொஞ்சம் தாமதித்து இன்னொன்று என்று, கேட்டுக்கொண்டிருந்தது. குழல் விளக்கு தன் பங்குக்கு ரீங்காரம் போட்டது.

இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க, வளைந்த குழாய் ஒன்றின் வழியாகப் பால் நிறத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும் எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட். ஒழுகுவதோடு நின்றால் யாருக்கும் தொல்லையில்லை. இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் சக்கின் மேல் பட்டதுமே அது நாலா பக்கமும் பறக்கும். முன்னால் நிற்பவளின் மேலங்கிக்குப் பாதி, பின்னால் இருக்கும் சுவருக்குப் பாதி. சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் அகலமான பட்டையாகப் படிந்து, வழிந்து, காய்ந்து, மறுநாள் அதன் மேலேயே மறுபடியும் படியும். அந்தப் பட்டையை அவள் தினமும் பார்த்துச் சலித்திருக்கிறாள். இன்றைக்கு அதன் நடுவே, ஆள் உயரத்தில், ஒரு தலையளவுக்கு வட்டமாகவும் அதற்குக் கீழே இரண்டு பக்கமும் அகன்றும், சுண்ணாம்பு காய்ந்தபடியே இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்த ஈரம், அந்த இடத்தின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டிருந்தது.

எட்டித் தொட்டுப் பார்த்தாள். பொடி பொடியாகக் காய்ந்திருந்தது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், தண்ணீர் ஒட்டவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தது. டங்.

அந்தப் பக்கம் அவள் கணவனின் அறை. பட்டறைச் சுவரும் அவன் கட்டில் போட்டிருக்கும் சுவரும் ஒன்றுதான். லேத் முன்னால் நின்றபடியே பக்கவாதம் வந்து விழுந்தவன் அவன். வலது கையும் வலது காலும் போனது போனதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாக்கு மட்டும் பாதி திரும்பி வந்தது. அந்தப் பாதி நாக்கே அவளுக்குத் தாராளம். போதாக்குறைக்கு இடது கையில் ஒரு பழைய ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, லேத்தின் சத்தத்தைக் காதால் கேட்டே, சுவரில் தட்டித் தட்டி அவளை வேலை வாங்குவான். ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு என்றால் வெட்டுகிற டூல் மழுங்கிவிட்டது, தீட்டு. விடாமல் தட்டினால், நீ ஒன்றுக்கும் உதவாதவள், நிறுத்து.

கூர்மையாகத்தான் கேட்பான், பாவி. தட்டுவது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"மிஷின நிறுத்தியாச்சே, இன்னும் எதுக்குத் தட்டுறீங்க?"

"கடைசி வெட்டு ரொம்ப ஆழம். அந்தச் சத்தம் உன் காதுல விழல? எனக்கு விழுந்துச்சு." அவன் வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "அந்தப் பலகை மேல நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது."

லேத்தின் முன்னால் கால் வலிக்காமலிருக்கப் போட்டிருக்கும் மரப்பலகையைத்தான் சொன்னான். அவன் நின்று நின்று அதில் இரண்டு பாதங்களின் வடிவத்துக்கும் பள்ளம் விழுந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பட்டறையில் பிசிறு தட்டியிருக்கிறாள், கடைசலில் விழும் இரும்புச் சுருள் அள்ளியிருக்கிறாள், கடைந்த சாமான்களைத் துடைத்து அடுக்கியிருக்கிறாள். அந்தப் பலகையில் மட்டும் அவளை ஏறவிட்டதில்லை. ஒரு தடவை அவன் இல்லாத நேரம் பார்த்து ஏறி நின்றவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். ஆனாலும் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். அவன் விழுந்த பிறகு பலகையில் ஏறினாள், இறங்கவில்லை.

"நான் நிக்கலைன்னா உங்க கஞ்சி எங்கேருந்து வரும்?"

"மிஷின வித்துருன்னேனே. வித்துட்டு உக்காந்து தின்னு. என் இடத்துல இன்னொரு ஆள் நிக்கிறத நான் படுத்துக்கிட்டுப் பாக்கணுமா?"

ஆக, சங்கதி இதுதான். பம்புத் தொழிற்சாலையிலிருந்து, அவள் கணவனோடு பழைய பழக்கம் உள்ள ஒரு சூப்பர்வைசர் வந்து போயிருந்தார். அவள் கடைந்த மாதிரிச் சாமான் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு தரையில் ஊறிக்கிடந்த கூலண்டைத் தாண்டித் தாண்டி நடந்தபடியே, "இப்படித் தெறிச்சுட்டு இருந்தா நாளைக்கு யாராவது வழுக்கி விழுவாங்கம்மா. மிஷினுக்கு ஒரு மறைப்பு போடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன், நீங்க கடையறத என் கண்ணால பாக்கணும். திருப்தியா இருந்தா மொத்த வேலையும் உங்க பேருக்கே எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்க பேருக்கே. அந்த வார்த்தையை அவள் அன்றைக்கெல்லாம் வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தால் லேத் தங்கும், அவளும் அதன் முன்னால் தங்குவாள். கிடைக்காவிட்டால் அதை வாங்கிக்கொண்டு போக ஆளை ஏற்கெனவே பேசி வைத்திருந்தான் அவள் கணவன், படுத்த படுக்கையிலேயே.

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். பிசுக்கு இருந்திருந்தால் போயிருக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் கடைந்துவிட்டு நிமிர்ந்தாள்.

வெள்ளைப் பட்டையின் நடுவே காய்ந்த இடம் அப்படியே இருந்தது. அப்படியே இருந்தது என்று சொன்னால் பொய். பெரிதாகியிருந்தது. தலையாகத் தெரிந்த வட்டம் இப்போது ஒரு பெரிய குடத்தின் அளவுக்கு ஊதி, அதன் கீழே அகன்றிருந்த பகுதி பட்டையின் இரண்டு ஓரங்களையும் விழுங்கியிருந்தது.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. காரணம் தெரியாத எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டிருந்தது. சமையற்கட்டிலிருந்து ஒரு பானை மூடியைக் கொண்டுவந்து, லேத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, சக்கை ஓட்டினாள். மூடி சுவரை ஒட்டித் தொங்கியபோது சுவரில் அதன் அளவுக்கே காய்ந்த வட்டம் விழுந்தது. சக்கின் பக்கமாக இழுத்துக் கட்டியபோது வட்டம் பெரிதானது. இன்னும் பக்கத்தில் கட்டினாள், இன்னும் பெரிதானது. விளக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் நிழல் பெரிதாகிறதே, அதே கணக்கு.

மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கணக்கு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

நேற்று அது சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. இன்று சக்கின் பக்கம் வந்துவிட்டது.

லேத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். சுருள் அள்ள அவளே அப்படித்தான் போவாள். இப்போது எட்ட நின்றபடியே அந்த இடுக்கைக் குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. தட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள்கள் கிடந்தன, ஒரு பல்லி ஓடியது, அவ்வளவுதான். ஆனால் கூலண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. போகிற வழியில் எதுவும் இல்லையென்றால் அது போய்ச் சுவரில் விழும்.

டங். டங்.

தூக்கிவாரிப் போட்டது. காலையில் கடைந்ததில் டூல் மழுங்கிவிட்டதாம், தீட்ட வேண்டுமாம். ஜென்மத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கிறான், கரிச்சுக்கொட்டுகிறான், உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மறைப்பைச் செய்யத் தொடங்கினாள். சூப்பர்வைசருக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாள். அவளுக்கும் அந்த இடுக்குக்கும் நடுவே கெட்டியாக ஒன்று நிற்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.

ஓட்டையாகிப்போன தண்ணீர்த் தொட்டியின் தகரத்தைக் கத்தரித்து அடிப்பாகத்துக்கு வைத்துக்கொண்டாள். விளிம்பு கையை அறுக்காமலிருக்க, கம்பியை உள்ளே வைத்து மடித்துத் தட்டினாள். மேல்பாகத்துக்கும் தகரம் போட்டால் பின்சுவரில் இருக்கும் குழல் விளக்கின் வெளிச்சம் வராது, டூல் முனை தெரியாது. அதனால், மூடிப்போன கடையொன்றின் பெயர்ப்பலகையிலிருந்து கழற்றிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தேடிப் பிடித்து, எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, அடுப்பனலில் காட்டிக் காட்டி, பழைய எண்ணெய்ப் பீப்பாயின் மேல் அழுத்தி வளைத்தாள். சக்கின் பின்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் அரை வட்டமாக அணைத்துக்கொள்ளும்படி அது வளைந்தது. அதற்கும் சக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உள்ளே பட்ட கூலண்ட் வளைவு வழியே இறங்கித் தட்டுக்கே திரும்பிவிடும். தானே யோசித்து, தானே வளைத்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எதிர்ப்பட்டறை வெல்டர் சட்டத்தை ஒட்டிக் கொடுத்தான். முகமூடியைத் தூக்கிவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பிரமாதம்க்கா. ஆனா முன்பக்கம் தொறந்து கெடக்கே? உங்க மேல தெறிக்குமே?"

"முன்னாடி நான் நிக்கிறேன்ல. எனக்குப் பழகிப்போச்சு."

"மிஷின்ல எங்க ஓட்டை போட்டு மாட்டப் போறீங்க?"

அதுதான் தகராறு. ஓட்டை போட அவள் கணவன் விடவில்லை. துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டதுமே ஸ்பேனரால் சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டான். "என் மிஷின் மேல கைய வெச்ச, அப்புறம் நடக்கிறதே வேற" என்று கத்தினான், எச்சில் ஒழுக. அவன் பேச்சை மீறலாம்தான். அவளால் முடியவில்லை. எத்தனை வருஷத்து அடி, அது கைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கடைசியில் கெட்டுப்போன ஒலிபெருக்கிகளைப் பிரித்து உள்ளேயிருந்த தடித்த காந்த வளையங்களை எடுத்து, சட்டத்தின் கால்களில் பதித்து, லேத்தின் இரும்பின் மேல் அப்படியே கவ்வ வைத்தாள். இரண்டு கையாலும் இழுத்தால்தான் பெயர்ந்து வரும். காந்தத்தைச் சுற்றி இரும்புத் துகள்கள் மயிர் போலக் குத்திட்டு நின்றன.

வியாழக்கிழமை மத்தியானம் மறைப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தாள். பின்சுவரில் ஒரு சொட்டு விழவில்லை. நடைவழி காய்ந்து கிடந்தது. கூலண்ட் பிளாஸ்டிக்கில் பட்டுப் படபடவென்று மழைச்சத்தம் போட்டு இறங்கியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, லேத் ஓடும் சத்தத்துக்கு மேல், வாய்விட்டு ஏதோ ஒரு மெட்டை முனகினாள். அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தமும் வரவில்லை. வந்திருந்தாலும் அவள் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டாள்.

லேத்தை நிறுத்தினாள். சக் மெல்ல மெல்ல ஓய்ந்தது. மறைப்பின் உட்பக்கத்தில் படிந்திருந்த வெள்ளைப் படலம் இறங்கி, பின்னாலிருந்த விளக்கின் வெளிச்சம் கசிந்தது.

நடுவில் மட்டும் தெளிவாக இருந்தது.

பெரிய இடம். ஏறக்குறைய மறைப்பின் முழு அகலத்துக்கும். விளிம்பில் மட்டுமே கூலண்ட் பட்டிருந்தது. அந்த விளிம்பு நேராக ஓடாமல் ஓரிடத்தில் வளைந்து, உள்வாங்கி, மறுபடி வளைந்து போனது. அவள் சற்று நேரம் அது என்னவென்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெரிந்தது. காது. அதற்குக் கீழே தாடை. அதற்குக் கீழே ஒரு பக்கமாகத் தாழ்ந்த தோள். ஒருவன் தலையை இடது பக்கம் சாய்த்து, வலது தோளை இறக்கி, டூல் முனையை உற்றுப் பார்க்கக் குனிந்திருக்கிறான்.

அப்படிக் குனிகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

ஒரு சாண் இடைவெளி. அதற்குள் ஓர் ஆளின் கை நுழையலாம். ஆள் எப்படி நுழைவான்?

பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த கையோடு உள்ளறைக்கு ஓடினாள். அவன் கட்டிலில் எப்போதும் போலத்தான் கிடந்தான். வலது கை போர்வைக்கு மேலே, வைத்த இடத்தில் வைத்தபடி. நெற்றி வியர்த்திருந்தது. ஸ்பேனர் தரையில் கிடந்தது.

"இன்னைக்குத் தட்டவே இல்லையே," என்றாள். குரல் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

"தட்ட எதுக்கு? பக்கத்துல இருந்தே சரி பண்ணிக்கலாமே."

"என்ன சொல்றீங்க?"

"இழுத்துப் பிடிச்ச ரெண்டாவது வெட்டு. உன் கை தயங்குச்சு. நான் பிடிக்கலன்னா டூல் முறிஞ்சிருக்கும்." கண்ணைத் திறக்காமலே பேசினான். "நல்லாத்தான் நிக்கிற. ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு. இடிக்குது."

அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. படுக்கையில் கிடந்து கிடந்து மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மூளை கலங்கியவன் உளறுவான், சரி. ஆனால் இரண்டாவது வெட்டில் அவள் கை தயங்கியது நிஜம். டூல் முறிந்துவிடும் என்று அவள் பயந்ததும், டூலை நகர்த்தும் கைச்சக்கரம் தானாகவே ஒரு இழை பின்வாங்கியதும் நிஜம். தன் சாமர்த்தியம் என்றல்லவா அவள் அதை நினைத்திருந்தாள்.

விட்டுவிட்டு ஓடலாமா என்று யோசித்தாள். எங்கே ஓடுவது? அம்மா வீட்டுக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது. ஒரு நாள், நாளைக்கு ஒரே ஒரு நாள், அந்த மனுஷர் முன்னால் ஒரு சாமானைக் கடைந்து காட்டிவிட்டால் போதும். கையெழுத்து விழுந்துவிட்டால் லேத்தை இங்கிருந்து பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். வேறு சுவர். வேறு பலகை. பயத்தை விட ஆத்திரம் அவளுக்கு அதிகமாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதைக் கழித்தாள்.

வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் வருவதற்குள் கை பழகட்டும் என்று தடித்த தண்டு ஒன்றைச் சக்கில் மாட்டினாள். மேலங்கியைத் துவைத்து உலர்த்தியிருந்தாள். அதை மாட்டிக்கொண்டு, பலகையில் ஏறி, அவன் பாதங்களின் பள்ளத்தில் தன் பாதங்களை வைத்து நின்றாள். பொத்தானை அழுத்தினாள்.

சக் சுழன்றது. கூலண்ட் ஒழுகியது. மறைப்பில் மழைச்சத்தம் எழுந்தது.

சுவர் காய்ந்திருந்தது. அது சரி. மறைப்பைப் பார்த்தாள். முழுக்க வெள்ளை. நடுவிலும் வெள்ளை, ஓரத்திலும் வெள்ளை, காதும் இல்லை தோளும் இல்லை. போய்விட்டது. போயே போய்விட்டது. எல்லாம் வெறும் பிரமை, பயந்த மனசின் விளையாட்டு.

முதல் வெட்டு இறங்கியது. சுருள் நீலமாகச் சுருண்டு விழுந்தது. இரண்டாவது வெட்டு. இரும்பின் மேல் மினுமினுப்பு ஏறியது. அப்படியொரு மினுமினுப்பை அவள் கை இதுவரை கொண்டுவந்ததில்லை. வழவழவென்று, தண்ணீர் தேங்கியது போல. சூப்பர்வைசர் இதைப் பார்க்க வேண்டும். இதைப் பார்த்தால் மறுபேச்சு பேசமாட்டார்.

புருவத்தில் வழிவதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், பழக்கதோஷம்.

புருவத்தில் எதுவும் வழியவில்லை.

முகம் காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். மேலங்கி காய்ந்திருந்தது. துவைத்தபோது விழுந்த மடிப்புகூடக் கலையவில்லை. ஒரு சொட்டு இல்லை. கூலண்ட் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சக் சுழன்றுகொண்டிருக்கிறது. முன்பக்கம் திறந்திருக்கிறது. அவள் முன்னால் நிற்கிறாள்.

பலகையின் இடது ஓரம் நனைந்திருந்தது. வலது ஓரமும் நனைந்திருந்தது. அவளுக்கு நேராக மட்டும் எதுவும் வரவில்லை.

பின்னால் இல்லை. மறைப்புக்குள் இல்லை.

முன்னால்.

அவளுக்கும் லேத்துக்கும் நடுவில். முதுகைக் காட்டிக்கொண்டு. மூச்சுவிட்டால் படுகிற தூரத்தில்.

எண்ணெய் நாற்றத்துக்குள் இன்னொரு வாடை. படுக்கைப் புண். மருந்துத் தைலம். துவைக்காத தலையணை.

கைச்சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். சக்கரம் நிற்கவில்லை. நிதானமாக, அவசரமேயில்லாமல், தேர்ந்த கை சுற்றுவது போல, அது பாட்டுக்குச் சுற்றியது. மூன்றாவது வெட்டு இறங்கியது. அழகான வெட்டு. அப்போது அவள் வயிற்றில் ஏதோ அழுத்தியது. பலமாக இல்லை. பின்பக்கமாகச் சாய்கிற ஒருவன் முழங்கையால் நகர்த்துவது போல. தள்ளி நில்லு, இடிக்குது.

பலகையிலிருந்து விழுந்தாள். எழுந்தாள். சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். லேத் நிற்கவில்லை. மறுபடி குத்தினாள். சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தேடவும் தோன்றவில்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

அவன் கட்டிலில் கிடந்தான்.

தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தான். மெத்தையிலிருந்து பால் நிறத்தில் ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது. மேலே கூரை காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. எங்கிருந்தென்று இல்லாமல் வெறும் காற்றிலிருந்து சொட்டுகள் பறந்து வந்து, நெற்றியிலும் மூக்கிலும் நெஞ்சிலும் ஒரே கோட்டில் விழுந்துகொண்டிருந்தன. விழுகிற ஒவ்வொன்றுக்கும் அவன் கண்ணைச் சிமிட்டினான். கழுத்தில் ஒரு நீலச் சுருள் ஒட்டிக்கொண்டு புகைந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

வலது கை தூக்கியிருந்தது. போனது போனதுதான் என்று சொன்ன கை. வெறும் காற்றைப் பிடித்து, நிதானமாக, அவசரமேயில்லாமல், சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. யாரோ உள்ளே வந்தார்கள். செருப்புச் சத்தம். சூப்பர்வைசரின் குரல்.

"அட, அண்ணே! எந்திரிச்சுட்டீங்களா! நல்லாருக்கீங்களா?"

கட்டிலில் கிடந்தவனின் உதடுகள் அசைந்தன. குரல் இங்கே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முழு நாக்கோடு, கணீரென்று வந்தது.

"நல்லாருக்கேன் சார். வாங்க."

அவள் கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். நாக்கின் வலது பாதி மரக்கட்டையாகக் கிடந்தது. எச்சில்தான் வழிந்தது.

"வேலைன்னா இதுல்ல வேலை! மறைப்பும் ஜோரா இருக்கே. யாரு செஞ்சது?"

"நான்தான் சார் செஞ்சேன்."

"அப்ப சரி. உங்க பேருக்கே எழுதிடறேன். ஆமா, வீட்டுல அவங்க எங்க?"

ஓட வேண்டும். இதோ கதவு. இரண்டே எட்டு. வலது காலை எடுத்தாள். கால் வரவில்லை. வலது கை தோளிலிருந்து யாருடையதோ போலத் தொங்கியது. கதவின் நிலையைப் பிடித்திருந்த இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

கட்டிலில் உதடுகள் அசைந்தன.

"அவளா? உள்ள படுத்திருக்கா சார். அவளால எந்திரிக்க முடியாது."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முகத்தில் வழிந்த கூலண்டைத் துடைக்கவில்லை. இத்தனை நாள் புரட்டிப் போட ஆள் வேண்டியிருந்த உடம்பை, தானே, கால்களை ஊன்றி, சுவரோரமாக நகர்த்திக்கொண்டு, கட்டிலில் அவள் படுக்க இடம் விட்டான்.